அன்னியஸ் பிளோக்கமஸ் குடும்பம்

அன்னியஸ் பிளோக்கமஸ் குடும்பம் என்பது கி.பி. முதலாம் நூற்றாண்டில் செங்கடல் வணிகத்தோடு தொடர்பு கொண்டிருந்த ஓர் உரோமைக் குடும்பம் ஆகும். இக்குடும்பத்தில் பேரரசரோ படைத்தலைவரோ தோன்றியதாகச் செய்தி இல்லை. எகிப்தின் பாலைவனப் பாறை ஒன்றில் ஓர் அடிமை எழுதிய இரண்டு சிறு கல்வெட்டுகள், இத்தாலியின் புத்தேயோலித் துறைமுகத்தில் கிடைத்த சில எழுத்துச் சான்றுகள், மூத்த பிளினியின் நூலில் உள்ள ஒரு பகுதி ஆகியவற்றாலேயே இக்குடும்பம் அறியப்படுகிறது. இக்குடும்பத் தலைவரால் விடுதலை செய்யப்பட்ட அடிமை ஒருவர் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையை அடைந்தார் என்றும், அதன் விளைவாக இலங்கையிலிருந்து உரோமைக்குத் தூதர்கள் சென்றனர் என்றும் பிளினி குறிப்பிடுகிறார். இதனால் உரோமை, எகிப்து, இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் வரலாற்றிலும் இச்சிறு குடும்பம் இடம்பெறுகிறது.

பெயர்

உரோமை ஆண்களின் முழுப்பெயர் பொதுவாக மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலாவது முன்பெயர், இரண்டாவது குலப்பெயர், மூன்றாவது சிறப்புப்பெயர். பப்ளியஸ் அன்னியஸ் பிளோக்கமஸ் என்னும் பெயரில் பப்ளியஸ் முன்பெயர்; அன்னியஸ் குலப்பெயர்; பிளோக்கமஸ் சிறப்புப்பெயர் ஆகும்.

அன்னியஸ் என்பது பெருங்குலம் ஒன்றின் பெயர். கிக்கேரோ வழக்காடிய தீத்தஸ் அன்னியஸ் மிலோ இக்குலப்பெயரைக் கொண்டவர். பேரரசர் மார்க்கஸ் அவுரேலியசும் பிறப்பில் அன்னியஸ் வேருஸ் குடும்பத்தைச் சேர்ந்தவரே. எனினும் குலப்பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரத்த உறவு இருந்ததாகக் கொள்ள இயலாது. விடுதலை பெற்ற அடிமைகள் தம் முன்னாள் உரிமையாளரின் முன்பெயரையும் குலப்பெயரையும் ஏற்றுக்கொள்வது உரோமை வழக்கம். எனவே ஒரே குலப்பெயர் பல்வேறு தொடர்பற்ற குடும்பங்களுக்குப் பரவியது.

பிளோக்கமஸ் என்பது கிரேக்கச் சொல். இதன் பொருள் பின்னிய அல்லது சுருண்ட கூந்தல் கற்றை என்பதாகும். இத்தாலியில் கிரேக்கச் சிறப்புப்பெயர் கொண்ட குடிமக்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகளாகவோ அவர்தம் வழித்தோன்றல்களாகவோ இருந்தனர். ஆகவே பிளோக்கமசின் குடும்பமும் அத்தகைய தோற்றம் உடையதாக இருந்திருக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது.

சான்றுகள்

பிளினியின் குறிப்பு

மூத்த பிளினி தமது இயற்கை வரலாறு என்னும் நூலை கி.பி. 77 அளவில் தீத்தசுக்கு உரிமையாக்கினார். அந்நூலின் ஆறாம் புத்தகத்தில் இலங்கையைத் தப்ரபேன் என்னும் பெயரால் விவரிக்கிறார். குளோடியஸ் பேரரசரின் ஆட்சியில் (கி.பி. 41–54) அத்தீவிலிருந்து தூதர்கள் வந்தமையால் முன்னிலும் சரியான செய்திகள் கிடைத்தன எனக் கூறி, அதன் பின்னணியையும் தருகிறார். அதன் சுருக்கம் வருமாறு:

* அன்னியஸ் பிளோக்கமஸ் என்பவர் செங்கடல் வரியைப் பேரரசின் கருவூலத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்திருந்தார்.
* அவரால் விடுதலை செய்யப்பட்ட ஒருவர் அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் செல்கையில், வடகாற்றால் கர்மானியாவுக்கு (இன்றைய ஈரானின் தென்பகுதி) அப்பால் இழுத்துச் செல்லப்பட்டார். பதினைந்தாம் நாளில் இலங்கையின் இப்பூரோஸ் என்னும் துறையை அடைந்தார்.
* அந்நாட்டு அரசர் அவரை ஆறு மாத காலம் விருந்தினராக வைத்திருந்தார். அதற்குள் அவர் அந்நாட்டு மொழியைக் கற்று, அரசர் கேட்ட கேள்விகளுக்கு விடையளித்தார்.
* அவரிடமிருந்து கைப்பற்றப்பட்ட பணத்தில் இருந்த தெனாரியஸ் நாணயங்கள், வெவ்வேறு உருவங்களைக் கொண்டிருந்தும் ஒரே எடையுடன் இருப்பதைக் கண்டு அரசர் வியந்தார்.
* பின்னர் இராக்கியாஸ் என்பவரின் தலைமையில் நான்கு தூதர்களை உரோமைக்கு அனுப்பினார்.

இக்கதையின் நடுநாயகமான அந்த மனிதரின் பெயரைப் பிளினி குறிப்பிடவில்லை. முன்னாள் உரிமையாளரின் பெயர் மட்டுமே தரப்பட்டுள்ளது. உரோமை வழக்கப்படி அவர் பப்ளியஸ் அன்னியஸ் என்னும் பெயரோடு தம் அடிமைக்காலப் பெயரையும் சேர்த்து வழங்கியிருப்பார் என்பது மட்டும் ஊகிக்கத்தக்கது.

வாதி மெனிஹ் பாறை எழுத்துகள்

வாதி என்பது அரபு மொழியில் வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்கைக் குறிக்கும். வாதி மெனிஹ் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், நைல் ஆற்றங்கரை நகரான கொப்டோசுக்கும் செங்கடல் துறைமுகமான பெரெனிகேவுக்கும் இடைப்பட்ட பழைய பாதையில் உள்ளது. இப்பாதையின் நீளம் 257 உரோமை மைல்கள் (ஏறத்தாழ 380 கி.மீ.) எனப் பிளினி கூறுகிறார். ஒட்டகங்களுடன் செல்வோர் கடும் வெயில் காரணமாகப் பெரும்பாலும் இரவில் நடந்து, பகலில் தங்கி, பன்னிரண்டாம் நாளில் பெரெனிகேவை அடைந்தனர்.

வாதி மெனிஹில் வழிப்போக்கர் நிழலுக்காகத் தங்கிய பாறை ஒதுக்கு ஒன்று உள்ளது. அதன் சுவரில் பலர் தம் பெயர்களைக் கீறிச் சென்றுள்ளனர். அவற்றுள் இரண்டு எழுத்துகள் ஒரே மனிதருக்கு உரியவை; ஒன்று இலத்தீனிலும் மற்றது கிரேக்கத்திலும் உள்ளது. பப்ளியஸ் அன்னியஸ் பிளோக்கமசின் லீசாஸ் ஆகிய நான் வந்தேன் என்பதும், அதற்குரிய ஆண்டும் நாளும் இவற்றின் செய்தியாகும். அடிமை என்னும் சொல் இல்லை எனினும், உரிமையாளரின் பெயர் வேற்றுமை உருபோடு வருவதால் லீசாஸ் அவருடைய அடிமை என்பது தெளிவாகிறது. இவ்வெழுத்துகளை டேவிட் மெரெடித் 1953 இல் ஆராய்ந்து வெளியிட்டார்.

புத்தேயோலி நகரச் சான்றுகள்

புத்தேயோலி (இன்றைய பொத்சுவோலி) நேப்பிள்ஸ் நகருக்கு அருகில் உள்ளது. குளோடியஸ் பேரரசர் தைபர் ஆற்று முகத்துவாரத்தின் அருகே புதிய துறைமுகத்தைக் கட்டும் முன்னர், கீழைநாட்டுப் பொருட்கள் இத்தாலிக்குள் நுழையும் முதன்மை வாயிலாக இந்நகரே விளங்கியது. புனித பவுல் உரோமைக்குச் செல்கையில் கரையிறங்கிய இடமும் இதுவே.

இந்நகரக் கல்வெட்டுகளில் அன்னியஸ் குலத்தவர் பலர் காணப்படுகின்றனர். பிளோக்கமஸ் என்னும் சிறப்புப்பெயரும் இங்கு வழங்கியது. நகரமன்றம் கூடிய கட்டிடம் ஒன்று அன்னியஸ் பெயரால் அழைக்கப்பட்டமையை கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டு காட்டுகிறது. இவற்றைக் கொண்டு, எகிப்தில் வரிக்குத்தகை எடுத்த பிளோக்கமஸ் புத்தேயோலியைச் சேர்ந்தவர் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

1959 இல் பொம்பெயிக்கு அருகில் முரேசினே என்னும் இடத்தில் மெழுகுப் பலகைகள் கண்டெடுக்கப்பட்டன. அவை புத்தேயோலியில் வட்டித்தொழில் நடத்திய சுல்பிக்கியஸ் குடும்பத்தின் கணக்கு ஆவணங்கள் ஆகும். கி.பி. 40 ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் பப்ளியஸ் அன்னியஸ் செலூக்கஸ் என்பவர் அலெக்சாந்திரியக் கோதுமை வைக்கப்பட்டிருந்த கிடங்கு அறை ஒன்றை வாடகைக்கு விடுகிறார். தமக்கு எழுதத் தெரியாது என அவர் கூறியமையால், அவருடைய அடிமை நார்தஸ் அவர் முன்னிலையில் அவ்வாவணத்தை எழுதினார். செலூக்கசுக்கும் பிளோக்கமசுக்கும் முன்பெயரும் குலப்பெயரும் ஒன்றே; எனினும் இருவருக்கும் இடையிலான உறவை எந்தச் சான்றும் நேரடியாகக் கூறவில்லை. நார்தஸ் என்னும் பெயர் சடாமாஞ்சி என்னும் நறுமண மூலிகையைக் குறிக்கும். இது இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான விலையுயர்ந்த பொருட்களுள் ஒன்று. முசிறி தொடர்பான இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஆவணத்திலும் இச்சரக்கு இடம்பெறுகிறது.

ஆண்டைக் கணக்கிடும் முறை

லீசாஸ் குறிப்பிடும் ஆண்டு சீசரின் 35 ஆம் ஆண்டு ஆகும். இங்கு சீசர் என்பது அகஸ்டஸ் பேரரசரைக் குறிக்கும். கி.மு. 30 இல் அகஸ்டஸ் எகிப்தைக் கைப்பற்றினார். அதிலிருந்து எகிப்தில் அவருடைய ஆட்சியாண்டுகள் எண்ணப்பட்டன. எகிப்தின் புத்தாண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் தொடங்கும். எனவே கணக்கு பின்வருமாறு அமையும்:

* 1 ஆம் ஆண்டு – கி.மு. 30 முதல் கி.மு. 29 வரை
* 30 ஆம் ஆண்டு – கி.மு. 1 முதல் கி.பி. 1 வரை (சுழியம் என்னும் ஆண்டு இல்லை)
* 35 ஆம் ஆண்டு – கி.பி. 5 ஆகஸ்ட் இறுதி முதல் கி.பி. 6 ஆகஸ்ட் இறுதி வரை

கிரேக்க எழுத்தில் எபேப் என்னும் எகிப்திய மாதமும், இலத்தீன் எழுத்தில் ஜூலை மாதமும் குறிக்கப்பட்டுள்ளன. ஆகவே லீசாஸ் அப்பாறை நிழலில் தங்கியது கி.பி. 6 ஜூலைத் தொடக்கத்தில் ஆகும்.

ஜூலை மாதத்தின் முக்கியத்துவம்

எகிப்திலிருந்து தென்னிந்தியாவுக்குச் செல்லும் கப்பல்கள் ஜூலை மாதத்தில், அதாவது எபேப் மாதத்தில், புறப்பட வேண்டும் என்று பெரிப்ளஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் கூறுகிறது. செங்கடலைக் கடந்து ஏடன் வளைகுடாவை அடையும்போது தென்மேற்குப் பருவக்காற்று அவற்றை அரபிக்கடலுக்கு அப்பால் செலுத்தும். திரும்பி வருவோர் வடகிழக்குப் பருவக்காற்றைப் பயன்படுத்தினர்.

வாதி மெனிஹின் மற்றொரு பாறை எழுத்து இதற்கு நல்ல ஒப்பீடு. காயஸ் நூமிதியஸ் ஏரோஸ் என்பவர் இந்தியாவிலிருந்து திரும்புகையில் சீசரின் 28 ஆம் ஆண்டு பாமெனோத் மாதத்தில் அங்கு இருந்ததாக எழுதியுள்ளார். அது கி.மு. 2 பிப்ரவரி இறுதிக்கும் மார்ச் இறுதிக்கும் இடைப்பட்ட காலம். திரும்பும் பருவத்துக்கு முற்றிலும் பொருந்துகிறது. லீசாஸ் இருந்த மாதமோ புறப்படும் பருவத்துக்குப் பொருந்துகிறது. எனினும் லீசாஸ் தாம் இந்தியாவுக்குச் செல்வதாக எழுதவில்லை. அவர் கப்பலேறச் சென்றிருக்கலாம். அல்லது புறப்படும் கப்பல்களின் சரக்கைப் பதிவு செய்யவோ வரி கணக்கிடவோ உரிமையாளரால் அனுப்பப்பட்டிருக்கலாம்.

இவ்வரி மிகப் பெரியது. கீழைநாடுகளிலிருந்து வந்த சரக்கின் மதிப்பில் நான்கில் ஒரு பங்கு (25 விழுக்காடு) வசூலிக்கப்பட்டது. அகஸ்டஸ் காலத்தில் மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்திலிருந்து மட்டும் 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் சென்றதாக ஸ்டிராபோ கூறுகிறார். இத்தகைய வரியைக் குத்தகைக்கு எடுக்கப் பெரும் மூலதனமும், எழுதவும் எண்ணவும் பல மொழி பேசவும் தெரிந்த ஆட்களும் தேவை. அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளுமே அந்த ஆட்கள்.

காலச் சிக்கல்

பாறை எழுத்துகள் கண்டறியப்படும் வரை, பிளினியின் கதை முழுவதும் குளோடியஸ் காலத்தில் நிகழ்ந்ததாகவே கொள்ளப்பட்டது. லீசாசின் ஆண்டு கி.பி. 6 என்பது உறுதியானதும் சிக்கல் எழுந்தது. அந்த ஆண்டுக்கும் குளோடியஸ் ஆட்சிக்கும் இடையே குறைந்தது 35 ஆண்டுகள், கூடியது 48 ஆண்டுகள் இடைவெளி உள்ளது. இதற்கு மூன்று விளக்கங்கள் சாத்தியமாகும்.

# ஒரே மனிதர், நீண்ட வாழ்நாள். கி.பி. 6 இல் பிளோக்கமசுக்கு 30 வயது எனக் கொண்டால், குளோடியஸ் அரியணை ஏறியபோது அவருக்கு 65 வயது. இது இயலாததன்று.
# ஒரே மனிதர், முந்தைய பயணம். பிளினி குளோடியஸ் காலத்தில் நிகழ்ந்ததாகக் கூறுவது தூதர் வருகையையே. வரிக்குத்தகையை அதற்கு முன்பே முடிந்த செயலாக, இறந்தகாலத்துக்கும் முற்பட்ட வினைவடிவில் குறிக்கிறார். எனவே பயணம் அகஸ்டஸ் அல்லது திபேரியஸ் காலத்தில் நிகழ்ந்திருக்கலாம். ஆனால் விருந்தினரின் சொற்களைக் கேட்ட அரசர் தூது அனுப்பினார் என்று கதை தொடர்ச்சியாகச் செல்வதால், நீண்ட இடைவெளியை ஏற்பது கடினம்.
# இரு தலைமுறைகள். உரோமையில் தந்தையின் பெயரை மகன் அப்படியே பெறுவது இயல்பு. பாறை எழுத்தில் உள்ளவர் தந்தை, பிளினி கூறுபவர் மகன் எனலாம். அவ்வாறாயின் செங்கடல் வணிகம் இக்குடும்பத்தின் பரம்பரைத் தொழிலாகிறது.

லீசாசே பின்னர் விடுதலை பெற்று இலங்கையை அடைந்தவர் என்ற கருத்தும் உண்டு. கவர்ச்சியான கருத்தாயினும் இதற்குச் சான்று இல்லை. ஒரே வீட்டில் பல அடிமைகள் இத்தொழிலில் ஈடுபட்டிருப்பர் என்பதை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

இலங்கைச் சான்றுகளுடன் ஒப்பீடு

இப்பூரோஸ் என்னும் துறையை இலங்கையின் வடமேற்குக் கரையில் உள்ள குதிரைமலையோடு இணைத்துக் கூறுவர். கிரேக்கத்தில் இப்போஸ் என்றால் குதிரை. குதிரைமலை என்னும் தமிழ்ப்பெயரின் பொருளைக் கேட்டறிந்து கிரேக்க மொழியில் வழங்கியிருக்கலாம் என்பது இதன் அடிப்படை. ஆனால் இப்பூரோஸ் என்பதன் நேர்ப்பொருள் குதிரைவால் என்பதாகும். அது ஒரு மீனின் பெயராகவும் வழங்கியது. எனவே இவ்விணைப்பு பொருத்தமான ஊகமே அன்றி நிறுவப்பட்ட முடிவு அன்று.

இராக்கியாஸ் என்பது தனிமனிதர் பெயர் அன்று, ராஜா போன்றதொரு பட்டப்பெயரின் திரிபு எனக் கருதுவோர் உளர். மகாவம்சத்தின் உரைநூல், பாதிக அபயன் என்னும் மன்னர் கடல் கடந்த ரோமானுக நாட்டிலிருந்து பவளம் வரவழைத்து மகாதூபத்தை அணிசெய்ததாகக் கூறுகிறது. பரணவிதான போன்ற அறிஞர்கள் இச்செய்தியைப் பிளினியின் தூதோடு இணைத்தனர். அம்மன்னரின் ஆட்சியாண்டுகளை அறிஞர்கள் வெவ்வேறாகக் கணிப்பதால், இவ்விணைப்பும் மேற்கூறிய காலச் சிக்கலோடு சேர்ந்தே மதிப்பிடப்படுகிறது.

தூதர்கள் கூறியதாகப் பிளினி தருபவற்றுள் மெய்யும் பிழையும் கலந்துள்ளன. தம் நாட்டில் நிழல் எதிர்த்திசையில் விழும் என்றது உண்மையே. இலங்கையில் ஆண்டின் சில மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும். ஆனால் சப்தரிஷி மண்டலத்தையும் கார்த்திகை விண்மீன் கூட்டத்தையும் உரோமையில் புதியனபோல் கண்டு வியந்தனர் என்பது பொருந்தாது. இவை இரண்டும் இலங்கையிலும் தெரிபவை.

நாணயக் கதை

நாணயங்களின் ஒத்த எடையைக் கண்டு அரசர் வியந்தார் என்பது இக்கதையின் புகழ்பெற்ற பகுதி. கி.பி. 64 இல் நீரோ பேரரசர் எடையைக் குறைக்கும் வரை, தெனாரியஸ் ஏறத்தாழ 3.9 கிராம் எடையுள்ள வெள்ளி நாணயமாக இருந்தது. அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோரின் தெனாரியஸ்கள் தென்னிந்தியாவில் புதையல்களாகப் பெருமளவில் கிடைத்துள்ளன. ஆகவே கதையில் வரும் நாணயங்கள் அக்காலத்துக்குப் பொருந்துகின்றன.

மாறாக, இலங்கையில் இத்தகைய முற்கால வெள்ளி நாணயங்கள் மிக அரிதாகவே கிடைத்துள்ளன. அங்கு கிடைத்த உரோமை நாணயங்களுள் மிகப்பெரும்பாலானவை கி.பி. 4, 5 ஆம் நூற்றாண்டுகளின் செப்புக் காசுகள். முதலாம் நூற்றாண்டில் இலங்கைப் பொருட்கள் பெரும்பாலும் தமிழகத் துறைகளின் வழியாகவே மேற்கே சென்றன என்னும் கருத்துக்கு இது துணைபுரிகிறது. அவ்வாறாயின், உரோமை நாட்டவர் ஒருவர் நேரே வந்திறங்கியது இலங்கை அரசவைக்குப் புதுமையாக இருந்திருக்கும்.

ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்னும் துறவியும் இதையொத்த கதையைக் கூறுகிறார். அதில் சோபாத்ரோஸ் என்னும் வணிகர் உரோமைப் பொன் நாணயத்தைக் காட்டிப் பாரசீகரை இலங்கை அரசர் முன் வெல்கிறார். உரோமை நாணயத்தைக் கொண்டு உரோமையின் பெருமையைக் கூறுவது ஒரு கதைமரபாகவே இருந்ததை இது காட்டுகிறது. எனவே அரசரின் வியப்பை வரலாற்று நிகழ்ச்சியாக ஏற்பதில் எச்சரிக்கை தேவை.

அறியப்பட்ட உறுப்பினர்கள்

உரோமையர் குடும்பம் எனக் குறித்தது இரத்த உறவினரை மட்டும் அன்று. அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் அதனுள் அடங்குவர்.

* பப்ளியஸ் அன்னியஸ் பிளோக்கமஸ் – செங்கடல் வரிக்குத்தகையாளர். ஒருவரோ, ஒரே பெயருடைய இருவரோ ஆகலாம்.
* லீசாஸ் – அவருடைய அடிமை. கி.பி. 6 ஜூலையில் வாதி மெனிஹில் இருமொழியில் எழுதியவர்.
* பெயர் அறியப்படாத விடுதலை பெற்ற அடிமை – இலங்கையை அடைந்தவர்.
* பப்ளியஸ் அன்னியஸ் செலூக்கஸ் – கி.பி. 40 இல் புத்தேயோலியில் கிடங்கு வாடகைக்கு விட்டவர். தொடர்பு உறுதியற்றது.
* நார்தஸ் – செலூக்கசின் அடிமை, ஆவணத்தை எழுதியவர்.

வரலாற்று முக்கியத்துவம்

இக்குடும்பத்தின் சான்றுகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. பாலைவனப் பாறையில் எழுதியவர் அடிமை. கிடங்கு ஆவணத்தை எழுதியவரும் அடிமை. அவருடைய உரிமையாளருக்கோ எழுதத் தெரியாது. இலங்கை அரசரோடு அவர் மொழியிலேயே பேசியவர் முன்னாள் அடிமை. பணமும் குத்தகை உரிமையும் பிளோக்கமசுடையவை. கடலையும் பாலையையும் கடந்த உழைப்பு பிறருடையது. பிளினியின் நூலில் உரிமையாளரின் பெயர் நின்றது, பயணம் செய்தவரின் பெயர் விடுபட்டது. லீசாஸ் தம் பெயரைத் தாமே எழுதிவைத்ததால் மட்டுமே அறியப்படுகிறார். அவர் எழுதிய ஆண்டே இன்று பிளினியின் கூற்றைச் சரிபார்க்கும் அளவுகோலாகவும் உள்ளது.

இவ்வணிகத்தின் மறுமுனையில் இருந்தவர்களும் இவ்வாறே அறியப்படுகின்றனர். கொப்டோசிலிருந்து செல்லும் பாதைகள் முடியும் செங்கடல் துறைமுகங்களில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. குசேர் அல் கதீமில் (பழைய மியோஸ் ஹோர்மோஸ்) கணன், சாதன் ஆகிய பெயர்களும், பெரெனிகேயில் கொற்றபூமான் என்று வாசிக்கப்பட்ட பெயரும் அவற்றுள் அடங்கும். இவர்களைப் பற்றி எந்த நூலும் பேசவில்லை. லீசாசைப் போலவே இவர்களும் தம் பெயர் எழுதப்பட்ட ஒரு சிறு பரப்பினால் மட்டுமே வரலாற்றில் இடம்பெற்றுள்ளனர்.

இவற்றையும் பார்க்கவும்

* எரித்திரியக் கடல் பெரிப்ளஸ்
* முசிறி
* பெரெனிகே
* மூத்த பிளினி
* குதிரைமலை